பேட் சம்மிட் புத்தகத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. 64 பக்கம், 300 பிரதி, விலை கிடையாது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பேட் சம்மிட்டின் கதை, நம் பிள்ளைகள் படிக்கிற தமிழில். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கட்டைப் பிரித்து முதல் பிரதியைக் கையில் எடுத்ததுமே அது உறுத்தியது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் டீம் பிள்ளைகளுக்கு. போன டிசம்பரில் இரண்டு அத்தியாயம் எழுதி முடித்து, பிராக்டிஸ் முடிந்ததும் உங்களைக் கோர்ட் படிக்கட்டில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம், ஒலிம்பிக் தங்கம் என்று கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். மூன்றாவது பக்கம் வரும்போதே ஒருத்தி ஷூ லேசை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். முடித்ததும் எங்கள் பாயிண்ட் கார்டு கேட்டாள்: "மேம், இவங்க தோத்ததே இல்லையா?" 208 மேட்ச் தோற்றிருக்கிறார் என்றேன். "அது நம்பர் மேம். முதல்ல தோத்தது எப்போ, யார்கிட்ட?"

அன்று இரவே அந்த இரண்டு அத்தியாயத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்கான பதில்தான் இப்போது புத்தகத்தின் முதல் பக்கம். 1974 டிசம்பர். பேட்டுக்கு வயது 22. சம்மிட் என்பது 1980இல் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர். அப்போது அவர் பேட் ஹெட். உடற்கல்வியில் முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராக இருக்கலாம் என்று வந்தவர். இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போக, அணியையே இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். மாதம் 250 டாலர். விளையாடுகிற பெண்களில் சிலர் அவரைவிட ஒரே ஒரு வயதுதான் சின்னவர்கள். முதல் மேட்ச் மெர்சர் அணியோடு. 84–83 என்று தோல்வி. இதை வாசித்தபோது "ஐயோ, ஒரே பாயிண்டா!" என்று படிக்கட்டில் நாலைந்து குரல் ஒன்றாகக் கேட்டது. அன்றைக்கு யாரும் லேசைத் தொடவில்லை. இந்தப் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தக் குரல்கள்தான்.

அந்தக் காலத்தில் வேனை அவரே ஓட்டினார், ஜெர்சியை அவரே துவைத்துப் போட்டார் என்று அடுத்த வரி. அதைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பி நம் வேன் டிரைவர் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணே, நீங்கள் கேட் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. மேட்ச் முடிந்து ராத்திரி 11 மணிக்குத் திரும்பினாலும், பிள்ளை இறங்கி நடந்து, வீட்டுக் கதவு திறந்து, உள்ளே போகிறவரை ஹெட்லைட்டைத் திருப்பாமல் தெருவுக்கு வெளிச்சம் காட்டுகிறீர்களே, இத்தனை வருடத்தில் அதற்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

டென்னசி பல்கலைக்கழகம் இருக்கிற நாக்ஸ்வில் ஊரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவிக்கு என்ன சொல்ல? ஒரு போன் போட்டுக் கேட்டேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குளிரில் போய் பேட் சம்மிட் சிலை முன்னால் நின்று வீடியோ அனுப்பினாள். எதிரே இருக்கிற தாம்ப்சன்-போலிங் அரங்கத்துக்கும் போனாள். அங்கே ஆடுகளத்துக்கே 'தி சம்மிட்' என்று பெயர். 2005இல், அவர் 880ஆவது வெற்றி பெற்று ஆண்கள் கல்லூரி அணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் வெற்றிக் கணக்கைத் தாண்டியபோது வைத்தது. நான் எழுதியதையெல்லாம் வரிவரியாகச் சரிபார்த்ததும் அவள்தான். விளையாட்டு வீராங்கனையாகவே ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று நான் தப்பாக எழுதியிருந்தேன். "மேம், 1976 மாண்ட்ரியல்ல வெள்ளி. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்குக்கு வந்ததே அந்த வருஷம்தான். தங்கம் 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல, கோச்சா போனப்போ" என்று அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கல்லூரியில் என்னிடம் தப்பான பாஸுக்குத் திட்டு வாங்கியவள். அந்தத் தவறு அச்சில் வந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

மாண்ட்ரியல் பக்கத்தை எங்கள் ஃபார்வர்டு ஒருத்தி தனியாகக் கேட்டு வாங்கிப் போனாள். முழங்காலில் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகி எட்டு மாதமாகப் பெஞ்சில் இருக்கிறவள். பேட்டுக்கும் கல்லூரிக் கடைசி வருடத்தில் முழங்கால் கிழிந்தது. அதிலிருந்து எழுந்துதான் அவர் ஒலிம்பிக் அணிக்குப் போனார். வாரம் மூன்று நாள் காசு வாங்காமல் இவளுக்குக் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் பிசியோ தம்பிக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லாமல் தாண்ட முடியாது.

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியை கையெழுத்துப் பிரதியை இரண்டு முறை படித்தார். கூடையில் விழாமல் திரும்பி வருகிற பந்தைப் பிடிப்பதை ரீபவுண்டு என்போமே, அதற்குத் தமிழ் தேடி நான் ஒரு பக்கம் மல்லாடிக்கொண்டிருந்தேன். "பிள்ளைகள் கோர்ட்டில் கத்துகிற சொல் எதுவோ அதையே எழுதுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைவிடப் பெரிய உதவி இன்னொன்று. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை 'அவர்', 'அவர்' என்றே எழுதியிருந்தேன். வைக்கோல் பரணில் ராத்திரி அண்ணன்மாரோடு மல்லுக்கட்டி விளையாடுகிற சின்னப் பிள்ளையை 'அவர்' என்றால் யார் கிட்டே போவார்கள் என்று கேட்டார். இப்போது பண்ணை வீட்டில் இருக்கிறவரைக்கும் அவள் 'அவள்'. 22 வயதில் டீமைக் கையில் வாங்குகிற வரியில்தான் 'அவர்' ஆகிறாள். படிக்கிறவர்கள் கவனிக்கிறார்களோ இல்லையோ, எனக்கு அந்த வரி வரும்போதெல்லாம் முதுகு நிமிர்கிறது.

அந்தப் பண்ணை வீட்டு அத்தியாயத்தை நான் எழுதியது அப்பாக்களுக்காக. ரிச்சர்ட் ஹெட் ஒரு விவசாயி, கண்டிப்பான மனுஷர். இருந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து டீம் இல்லை என்று தெரிந்ததும், டீம் இருக்கிற பள்ளி வட்டாரத்துக்குக் குடும்பத்தையே மாற்றிக்கொண்டு போனார். மகள் விளையாட வேண்டும் என்பதற்காக வீடு மாறியவர். மகள் கல்லூரிக்கு 1970இல் போனபோது பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை என்று ஒன்று கிடையாது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிற டைட்டில் 9 சட்டமே அங்கே 1972இல்தான் வந்தது. அண்ணனுக்கு உதவித்தொகை கிடைத்தது; மகளுக்கு வீட்டுக் காசில் ஃபீஸ் கட்டினார்கள். இங்கேயும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து 18 கிலோமீட்டர் எக்ஸெல் வண்டியில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கோர்ட்டுக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் வேலைக்கு ஓடுகிற அப்பா ஒருவர் இருக்கிறார். ஐயா, உங்கள் மகள் இடது கை லே-அப் போடுவதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். இந்தப் புத்தகத்தில் உங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பேட் சம்மிட் என்றால் எல்லோரும் அந்த முறைப்பைத்தான் சொல்வார்கள். தப்புச் செய்தவளை அப்படியே பார்வையால் நிறுத்திவிடுவார் என்பது உண்மைதான். நான் அதற்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்கவில்லை. நான்கு பக்கம் கொடுத்தது வேறொன்றுக்கு. அவருடைய பிள்ளைகள் வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும். காரணம் இல்லாமல் கட் அடிக்கக் கூடாது. 38 வருடத்தில், அவரிடம் முழுக் காலமும் விளையாடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கினாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வருகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் மேட்ச், டிராவல் என்று போய் அரியர் வைத்து, கடைசியில் டிகிரி கைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் என் மனதில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை வாசித்த மறு வாரம் கணிதத்துறை மேடம் போன் பண்ணி, "உங்க புள்ளைங்க ரெண்டு பேரு முன் பெஞ்சுல வந்து உட்கார்ந்திருக்காங்க, என்ன விஷயம்?" என்றார். விஷயத்தைக் கேட்டவர், அதன் பிறகு நான்கு சனிக்கிழமை என் பிள்ளைகளுக்காக மட்டும் வந்து அரியர் பேப்பருக்குப் பாடம் எடுத்தார். மேடம், ரிசல்ட் எப்படி வந்தாலும் அந்தச் சனிக்கிழமைகளை நான் மறக்க மாட்டேன்.

டி.டி.பி. செய்த தங்கை, மூன்று ஃப்ரூஃபுக்கும் சலிக்காத அச்சக அண்ணன், தாளுக்கான காசில் பாதியைப் பெயர் போடாதே என்று சொல்லிக் கொடுத்த பழைய மாணவிகள், உங்களுக்கெல்லாம் நேரில் வந்து சொல்கிறேன்.

1997ஐப் பற்றிய அத்தியாயம் ஏன் இவ்வளவு நீளம் என்று அச்சகத்தில் கேட்டார்கள். அடுத்த வருடம் 39–0 என்று ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியதைத்தான் உலகம் பேசுகிறது. எனக்கு அதற்கு முந்தைய வருடம்தான் பிடிக்கும். 10 மேட்ச் தோற்ற டீம். அதை வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினார். முதல் பட்டமே அவருக்கு 13ஆவது சீசனில்தான், 1987இல் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி அத்தியாயத்தை நான் எழுதுவதாகவே இல்லை. 2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் தொடங்கிவிட்டது என்று பேட் சம்மிட் தானே வெளியே சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அவரிடமே விளையாடி, 1985இலிருந்து கூடவே உதவியாளராக இருந்த ஹோலி வார்லிக் அந்த வருடம் பெரும்பாலான வேலையைத் தோளில் வாங்கிக்கொண்டார். 2012 ஏப்ரலில் பேட் பொறுப்பிலிருந்து விலகினார். 2016 ஜூன் 28இல், 64 வயதில் போய்விட்டார்.

எனக்கு ஏன் கை வரவில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கூடைப்பந்தைக் காட்டியது அம்மா. பெரியகுளத்தில் மே மாதம் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, ராணுவம், ரயில்வே, வங்கி என்று டீம் டீமாக வருவார்கள். அம்மா பூக்கூடையோடு காலரியில் உட்கார்ந்து, கண்ணைக் கோர்ட்டில் வைத்துக்கொண்டே விரலால் மல்லி கட்டுவாள். நான் அவள் மடியில் சாய்ந்து ஸ்கோர் சொல்லுவேன். மூன்று வருடமாக அம்மாவுக்கு நான் யார் என்பது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. மாலை நாலு மணிக்கு அக்கா வந்து உட்கார்ந்தால்தான் நான் கோர்ட்டுக்குப் போக முடியும். அக்கா வர முடியாத நாளில் என் உதவிப் பயிற்சியாளர் மொத்த பிராக்டிஸையும் நடத்திவிட்டு, நான் கேட்காமலே ராத்திரி எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடுவாள். பிள்ளைகளிடம் அம்மாவைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை.

ஒரு நாள் அக்கா கேட்டார்: "அந்த அமெரிக்கா அம்மா கடைசில என்ன ஆனாங்க?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவங்களே மறைக்கலை, நீங்க எதுக்கு மறைக்கிறீங்க?" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டேன். மறுநாள் படிக்கட்டில் அதை வாசித்து, அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீம் முழுக்க வீட்டுக்கு வந்துவிட்டது. கிளம்பும்போது ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள், அந்த லேஸ் அவிழ்க்கிறவள்தான். அம்மா மெல்லக் குனிந்து லேசை வாங்கி, நாரில் பூ வைத்து முடிகிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக முடிச்சுப் போட்டாள். பிள்ளை காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா, நீங்கள் அன்று வாசலில் நின்று பார்த்தீர்கள். உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எல்லோர் முன்னாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பிரதிகள் திங்கட்கிழமையிலிருந்து கோர்ட் பக்கத்து ஸ்டோர் ரூமில் இருக்கும். நாலரை மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கோச் மேம்
மதுரை