பழைய ஜீப்பின் என்ஜினை வீட்டில் இறக்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜீப், லேண்ட்ரோவர் போன்ற வண்டிகளின் என்ஜினை வீட்டிலேயே இறக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது முடியாத வேலை என்று சொல்லமாட்டேன். 1941 முதல் 1945 வரை போருக்காகத் தயாரான வில்லிஸ் எம்.பி. ஜீப்பும், 1948-இல் அறிமுகமான லேண்ட்ரோவரும் எளிய கருவிகளைக் கொண்டே பழுதுபார்க்கத் தக்கவை. ஆனால் என்ஜினைத் தூக்குவதைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், கியர்பாக்ஸிலிருந்து அதைப் பிரிப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார். பொருள் சேதமாவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் என்ற உறையின் போல்ட்டுகளை எல்லாம் கழற்றிய பின்னும், கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் நுழைந்து, அதன் நுனி என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் கடைசியில் உள்ள புஷ் என்ற சிறு உலோக வளையத்தில் உட்கார்ந்திருக்கும். என்ஜின் நேராக முன்னுக்கு நகர்ந்து அந்த ஷாஃப்ட் முழுவதும் வெளிவரும்வரை, என்ஜினின் எடையோ கியர்பாக்ஸின் எடையோ அதன்மேல் விழவே கூடாது. விழுந்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். ஆகவே என்ஜினைச் சேசிஸில் தாங்கி நிற்கும் மவுண்டிங்குகளைத் தளர்த்துவதற்கு முன்பே கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கல் கொடுத்துவிட வேண்டும். என்ஜின் வர மறுத்தால் கிரேனை இன்னும் ஏற்றிப் பார்ப்பது தவறு. ஏதோ ஒரு போல்ட்டோ, என்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையோ இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றச் சொல்லும் அறிவுரை இக்கால வண்டிகளுக்குச் சரி. 1967-க்கு முந்தைய லேண்ட்ரோவர்களிலோ பாசிட்டிவ் முனைதான் எர்த். எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து அதை முதலில் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் திறந்து கிடக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் உறுத்தியது, வீட்டுக் கூரையின் உத்திரத்தில் செயின் பிளாக் (சங்கிலியால் எடை தூக்கும் கப்பி) மாட்டி என்ஜினைத் தூக்கலாம் என்ற யோசனை. வில்லிஸ் என்ஜின் மட்டுமே 150 கிலோவுக்கு மேல் இருக்கும். கூரையின் பரவலான பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்த உத்திரம், ஒரே புள்ளியில் தொங்கி ஆடும் இந்த எடையையும் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சக்கரம் வைத்த என்ஜின் கிரேனே ஏற்றது. அதிலும் கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும் என்பதால், ரேடியேட்டரையும் முன் கிரில்லையும் கழற்றிவிட்டு கிரேனை நெருக்கமாக நிறுத்துவது நல்லது. இரு பக்கமும் கட்டும் சங்கிலி படுக்கைவாட்டிலிருந்து 30 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால், ஒவ்வொரு சங்கிலியும் பாதி எடையை அல்ல, முழு எடையையே சுமக்கும்.

பழைய கிளட்ச் பிளேட்டிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியையும் கட்டுரை எழுப்பவில்லை. வில்லிஸ் என்ஜினில் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இருப்பதால், வண்டியில் இருந்தபடியே ஹெட்டைக் கழற்றி வால்வு வேலையை முடிக்கலாம். எண்ணெய்த் தொட்டியையும் கழற்றினால் பிஸ்டன்களைக்கூட மேல்வழியாக எடுத்துவிடலாம். கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைய வேண்டியிருந்தாலோ பிளாக்கில் விரிசல் கண்டாலோ இறக்குவது தவிர்க்க முடியாதது.

மற்றவை எப்படியிருந்தாலும், கூரை உத்திரம் பற்றிய அந்த வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்