முதல் நன்றி லேப்பில் இருப்பவர்களுக்கு

கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் அறை), உயிர்வேதியியல் லேப், வார்டு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் சிரைகளில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, இப்போது நம்மிடம் பெரும்பாலும் முதல் முறையிலேயே சரியாக அமைந்துவிடுகிறது. யாரால் இது நடந்தது என்பதை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று நான்கு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காமல், பொட்டாசியம் குறைந்து, கால் தசை பிடித்து இழுக்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம். அவர்களில் சிலருக்கு அட்ரினல் சுரப்பி, உடலில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. 1950களில் ஜெரோம் கான் கண்டு சொன்ன நோய் இது. கோளாறு ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சுரப்பியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைதான். எந்தப் பக்கம் என்று சிடி ஸ்கேனை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. எதையும் சுரக்காத கட்டிகளும் அதில் தெரியும். அதனால்தான் இரண்டு பக்கச் சிரையிலும் ரத்தம் எடுத்து ஒப்பிடுகிறோம்.

இடப்பக்கச் சிரை சிறுநீரகச் சிரையில் சேர்வதால் அதிகம் படுத்தாது. வலப்பக்கம்தான் சோதனை. அந்தச் சிரை குட்டை, நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேருகிறது, பக்கத்திலேயே கல்லீரலின் சின்னச் சிரைகள் வேறு. முன்பெல்லாம் கத்தீட்டர் (தொடை வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) சரியான இடத்தில்தான் இருந்ததா என்பதே, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலின் ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் மருந்து கொடுத்து எடுக்கும்போது, சிரை ரத்தத்தில் கார்டிசால் கை ரத்தத்தில் இருப்பதைப்போல் 5 மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை பாடும் வீண்.

நோயாளி மேசையில் இருக்கும்போதே கார்டிசாலைப் பார்த்துச் சொல்ல லேப் ஒப்புக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. கேட்க எளிது, செய்து பார்த்தால் தெரியும். டியூப் வந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். அட்ரினல் ரத்தத்தின் கார்டிசால் மெஷினின் உச்ச அளவையே தாண்டிவிடும், அதனால் சீரத்தை முன்கூட்டியே நீர்க்க வைத்து ஓட்ட வேண்டும். அத்தனையும் முடித்து அரை மணி, முக்கால் மணிக்குள் போனில் எண் வந்துவிடுகிறது. ‘வலது வரலை சார், இன்னொரு தடவை எடுங்க’ என்று தயங்காமல் சொன்ன டெக்னீஷியன் தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. அந்த ஒரு வார்த்தை, இன்னொரு முறை அட்மிஷன் போடுவதிலிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது.

ரேடியாலஜி நண்பரே, வலப்பக்கச் சிரை எந்த முதுகெலும்பு மட்டத்தில் சேர்கிறது என்று முதல் நாளே சிடியில் குறித்து வைக்கிறீர்கள். கத்தீட்டர் நுனிக்கருகே பக்கத்துளை போட்டு, ரத்தம் சொட்டுச் சொட்டாக வரும்வரை அவசரப்படாமல் நிற்கிறீர்கள். அந்தப் பொறுமை எனக்கு வராது. டியூப்களுக்கு வலது, இடது, கை என்று மூன்று நிற ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றது கேத் லேப் சிஸ்டர். பக்கம் மாறினால் நல்ல சுரப்பி போய்விடும் என்பதால் அதைச் சின்ன யோசனை என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம், நோயாளிகள். நாலு வாரத்துக்கு மேல் ஸ்பைரனோலாக்டோனை நிறுத்திவிட்டு, பரிசோதனையை அதிகம் குழப்பாத பிரஷர் மாத்திரைகளான வெராபமில், பிரசோசினுக்கு மாறி, குமட்டும் பொட்டாசியம் சிரப்பைக் குடித்து, எண் வரும்வரை தொடையில் குழாயோடு அசையாமல் படுத்திருந்தவர்கள் நீங்கள். வெளியே காத்திருந்த உங்கள் வீட்டாருக்கும் சேர்த்து என் நன்றி.

அன்புடன்,
உங்கள் ஹார்மோன் டாக்டர்