வெயில் தாங்கும் கோதுமை: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். நம் நாட்டில் இத்தனை வேளாண் பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது கோதுமை ஆராய்ச்சிக்கு மெக்சிகோவுடன் ஏன் கைகோக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் என் வாசிப்பு இந்தப் பயிரை விட்டு விலகவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2022 மார்ச் மாதம் தங்களுக்கு நினைவிருக்கும். 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களில் இந்தியாவில் வெப்பம் மிகுந்தது அதுதான். பஞ்சாபிலும் அரியானாவிலும் கதிர் பால் பிடித்து மணி முற்றும் வேளையில் அனல் வீசியது. அந்தப் பருவத்தில் வெப்பம் முப்பது பாகை செல்சியஸைத் தாண்டினால் இலைகள் முன்னதாகவே பழுத்துவிடும்; மணிக்குள் மாவுச்சத்து சேரும் நாட்கள் குறைந்து, மணி சுருங்கிப்போகும். மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சராசரி வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் கோதுமை விளைச்சல் ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும் என்று, பல நாட்டு ஆய்வாளர்கள் முப்பது கணினி மாதிரிகளை ஒப்பிட்டு 2015இல் கணித்திருந்தார்கள்.

இத்தகைய வெயிலைத் தாங்கும் இரகத்தை ஒரே ஊரில் உருவாக்கிவிட முடியாது என்பதே தங்கள் கேள்விக்கு என் விடை. ஓர் ஊரில் வறண்ட அனல், இன்னோர் ஊரில் ஈரப்பதத்தோடு கூடிய புழுக்கம், மற்றோர் ஊரில் நீர்ப்பாசனம் இருந்தும் கடைசி வாரங்களில் மட்டும் வெப்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெக்சிகோவிலுள்ள சிம்மிட் என்ற பன்னாட்டுக் கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி நிறுவனம் ஒரே இரகங்களை மெக்சிகோ, சூடான், வங்கதேசம், இந்தியா முதலிய நாடுகளில் விதைத்துப் பார்த்தது. எந்தச் செடியின் இலைப்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்ததோ, அதுவே வெயிலிலும் நல்ல விளைச்சல் தந்தது. வேர் ஆழமாகச் சென்று நீரை எடுக்க, இலைத்துளைகள் வழியே அந்த நீர் ஆவியாகிச் செடியைக் குளிர்விக்கிறது. வேரைத் தோண்டிப் பார்க்காமல், அகச்சிவப்பு வெப்பமானியை வயலை நோக்கிப் பிடித்தே வேரின் திறனை ஊகிக்கலாம் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. வறட்சியிலும் வெப்பத்திலும் செடியைக் காக்கும் மரபுக்கூறுகள் பெருமளவு ஒன்றே என்பதும் பின்னர் தெரியவந்தது. இன்று மெக்சிகோவின் சோனோரா மாநிலத்துப் பாலைநில வயல்களில் வேண்டுமென்றே பருவம் தப்பி விதைத்து, கோடை வெயிலில் பூக்கவைத்து, ஆளில்லா விமானங்களால் இந்த அளவீட்டைச் செய்கிறார்கள். அங்கே தேறிய விதைகள் ஆண்டுதோறும் பல நாடுகளுக்கு இலவசமாக அனுப்பப்படுகின்றன. பெறுகிறவர்கள் தம் வயலின் விளைச்சல் கணக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் முழு முயற்சிக்கும் உயிர். வெப்பத்துக்கும் வறட்சிக்கும் என்றே தனியாக ஹெட்விக் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பும் இயங்குகிறது.

கோதுமையின் காட்டு உறவினங்களும் இதில் பங்கு பெறுகின்றன. மேற்காசியப் புல்லான ஏஜிலாப்ஸ் டவுஷியைக் கடினக் கோதுமையோடு சேர்த்துச் செயற்கைக் கோதுமையை உருவாக்கி, பயிரில் இல்லாத வறட்சித் தாங்கும் பண்புகளை அதன் வழியே புகுத்துகிறார்கள். அத்தகைய விதைகளைப் பெருமளவில் காத்துவந்த இகார்டா என்ற பன்னாட்டு வறண்டநில வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சிரியப் போரினால் அலெப்போவை விட்டு வெளியேற நேர்ந்தது. நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் அது முன்பே வைத்திருந்த படிகளை 2015இல் எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் மீண்டும் வளர்த்தது. ஒரு நாட்டின் கையிருப்பு மட்டும் போதும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் கவலையெல்லாம் நிதியைப் பற்றியது. ஓர் இரகம் முதல் கலப்பிலிருந்து உழவர் வயல் வரை வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. உதவித்தொகையோ மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமை மூடப்பட்டதும் சிம்மிட் பெரும் நெருக்கடிக்கு உள்ளானது. 1963இல் எம்.எஸ். சுவாமிநாதன் முயற்சியால் கோதுமை அறிவியலாளர் நார்மன் போர்லாக் இங்கே வந்ததையும், மெக்சிகோ விதைகள் நம் பஞ்சத்தைத் தடுத்ததையும் எண்ணினால், இந்த நிதி இடைவெளியில் இந்தியா தன் பங்கை உயர்த்தியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அரசின் கணக்குத் துறையில் நெடுநாள் பணியாற்றியவர் தாங்கள். ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் பாதிக்கப்படாமல், பதினைந்து ஆண்டுகளுக்கு உறுதியளிக்கும் ஒரு நிதியை நம் சட்டங்களுக்குள் அமைக்க வழியுண்டா? அடுத்த கடிதத்தில் இதைக் குறித்து அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்