டவுன்லோட் பட்டனைச் சரிசெய்ய வழிகாட்டியவருக்கு நன்றி

எங்கள் தளத்தில் அனிமேஷன் கோப்பை இறக்கும் பட்டன் சரியாக வேலை செய்யாதபோது, பெயர் சொல்லாமல் உதவிய நண்பருக்கு எங்கள் நன்றி. பட்டனைத் தட்டினால் அனிமேஷன் இறங்காமல் பிரவுசரிலேயே ஓடுவதற்கு நீங்கள் சொன்ன காரணம்தான் சரி. லிங்க்கில், கோப்பைத் திறக்காமல் இறக்கச் சொல்லும் டவுன்லோட் என்ற பண்பைச் சேர்த்திருந்தாலும், கோப்பு வேறு டொமைனில் (வேறு தள முகவரியில்) இருந்தால் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. கோப்பைத் தளத்தின் சொந்த டொமைனுக்கே கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் கோப்பு இருக்கும் அந்த சர்வர், கோப்போடு அனுப்பும் குறிப்புகளில் ஒன்றான கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் அட்டாச்மென்ட் (இறக்க வேண்டிய கோப்பு) என்று அனுப்ப வேண்டும்.

அனிமேஷனுக்கு ஜிஃப் படவடிவத்தைக் கைவிட்டு எம்பி4 வீடியோவாக்கச் சொன்னதும் நல்ல யோசனை. ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள்தான் என்பதால் கிரேடியன்ட் (மெல்ல மெல்ல மாறும் நிறம்) பட்டை பட்டையாகத் தெரியும், கோப்பும் பெருத்துவிடும். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் எச்.264 முறையில் சுருக்கி எம்பி4 ஆக்கும்போது பிக்சல் ஃபார்மட்டாக (நிறத்தைச் சேமிக்கும் முறையாக) ஒய்யுவி420பி-யைக் கொடுக்க வேண்டும். அதற்கு அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும். 641 பிக்சல் கொடுத்தால் என்கோடர் பிழை காட்டி நின்றுவிடும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற அமைப்பை விட்டுவிட்டால், கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பக்கத்தில் ஓடத் தொடங்கவே தாமதமாகும்.

பக்கம் திறந்ததும் வீடியோ தானாக ஓட மியூட் (ஒலியை அடக்குவது) அவசியம். ஐபோனுக்கு, முழுத்திரைக்குப் போகாமல் பக்கத்திலேயே ஓடச் சொல்லும் பிளேஸ்இன்லைன் பண்பும் வேண்டும். பட்டனுக்குப் பக்கத்தில் கோப்பின் அளவை மெகாபைட்டில் எழுதச் சொன்னீர்களே, மொபைல் டேட்டாவில் வருகிறவர்கள் உங்களைத்தான் வாழ்த்த வேண்டும்.