சோறு தாராளம், பொரியலுக்குத் தனி பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு நாம் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் "வெளியில் சாப்பிடாதீர்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. லாரி ஓட்டுநரும், ஊர் ஊராகச் செல்லும் விற்பனைப் பிரதிநிதியும், உறவினருக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கியிருப்பவரும் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிடுகிறது. ஓட்டல்காரர்களுக்கு இவர்கள் என்றோ ஒருநாள் வரும் விருந்தாளிகள் அல்லர், அன்றாட வாடிக்கையாளர்கள்.

சைவ ஓட்டல்களின் மதியச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சோற்றை எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பரிமாறுபவர்கள், கைக்கடக்கமான கிண்ணத்தில் வரும் பொரியலை இன்னொரு முறை கேட்டால் பல இடங்களில் தனி பில் போடுகிறார்கள். காயை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் குறைத்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் தணியும் என்று மருத்துவர்கள் கூறுவதைப் பின்பற்ற நினைப்பவர், உண்ணாத சோற்றுக்கும் உண்ட காய்க்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாம்பாரிலும் வத்தக்குழம்பிலும் வெல்லம் சேர்ப்பது சில சமையற்காரர்களின் கைப்பக்குவம். அதைக் குறை கூறவில்லை. ஆனால் சேர்த்திருக்கிறதா என்று கேட்டால் "லேசாத்தான் சார் இருக்கும்" என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை.

இதற்கு மாற்றாகக் கேழ்வரகு தோசையையும் சிறுதானிய இட்லியையும் நீரிழிவுக்கு உகந்தவை என்று பலகை வைத்து விற்கிறார்கள். மாவில் அரிசி எவ்வளவு என்பதைப் பலகை சொல்வதில்லை. கேழ்வரகிலும் மாவுச்சத்து மிகுதி. மூன்று தோசை சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம்விட அவசரமானது நேரப் பிரச்சினை. சாதாரண மனித இன்சுலினையோ அது கலந்த வகையையோ பயன்படுத்துபவர்கள், சாப்பாட்டுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறு மதியம் வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், ஓட்டல் வாசலில் இடத்துக்காகக் காத்திருந்து, உட்கார்ந்த பின் ஆர்டர் எடுப்பவருக்காகவும் காத்திருக்கையில், ஊசி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். மேலும் இறங்கினால் நினைவே தப்பலாம். நினைவு தப்புவதற்கு முன்பே அவருக்கு உடனே வேண்டியது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. ஆண்டு முழுவதும் ஒதுக்கச் சொன்ன பொருளே அப்போது மருந்தாகிறது என்பதைப் பரிமாறுபவர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. இடம் கிடைத்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாமா, வேறு வகை இன்சுலின் பொருந்துமா என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டறிவது நோயாளியின் பொறுப்பு. "ஊசி போட்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் வரிசையைப் பார்க்காமல் இரண்டு இட்லியை முதலில் கொண்டுவந்து வைப்பது ஓட்டலுக்கு முடியாத காரியமா?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம் பெற்றவையும் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் மெனுவில் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனினும் கலோரியை மட்டும் பார்த்து சர்க்கரை நோயாளிகளால் முடிவெடுக்க இயலாது. கேசரியும் உளுந்து வடையும் கலோரியில் நெருங்கி வந்தாலும், சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் ஒன்றல்ல. மாவுச்சத்தின் அளவும், சர்க்கரையோ வெல்லமோ சேர்க்கப்பட்டுள்ளதா என்ற குறிப்பும் கலோரிக்குப் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். நகரத்துக்கு ஒன்றிரண்டு கிளைகளோடு பெரிய அளவில் நடக்கும் ஓட்டல்களையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கும் தமிழக அரசு, ஓட்டல் உரிமையாளர் சங்கங்களை அழைத்துப் பேசினால், சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமலேயே சிலவற்றைச் செய்துவிடலாம். அதே விலையில் சோற்றைக் குறைத்து ஒரு கிண்ணம் பொரியல் கூடுதலாகத் தரட்டும். மினி டிபனில் கேசரி வேண்டாம் என்பவருக்குச் சுண்டல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.