வெள்ளைச் சட்டைப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவ சபையின் வெள்ளைச் சட்டை போட்ட இளம் மிஷனரிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு நாடு நாடாக ஆள் பிடிக்கிறவர்கள் என்பது அதன் சாரம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல, சேரும் உத்தேசமும் இல்லை. ஆனால் யூட்டா மாநிலத்தில், ஓரெம் நகரில், பல வருடங்களாக அவர்கள் நடுவில்தான் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் எங்கள் வீட்டையும் இன்னும் ஓரிரு வீடுகளையும் விட்டால் மற்றதெல்லாம் அந்தச் சபைக் குடும்பங்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திட்டுவதைச் சரியான காரணத்துக்குத் திட்டலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். சம்பளம் என்று ஒரு சென்ட்கூட அவர்களுக்குக் கிடையாது. போகிறவர்கள் வீட்டில்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையிலிருந்து 500. ஆண்களுக்கு இரண்டு வருடப் பணி, ஆக 12,000 டாலர். டோக்கியோவுக்குப் போனாலும் பெரு நாட்டு மலைக் கிராமத்துக்குப் போனாலும் அதே தொகைதான். எல்லாம் ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்து, அந்தந்த ஊரில் வாடகை, சாப்பாடு, பஸ் செலவு என்று பிரித்துக் கொடுக்கப்படும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூட நாட்களில் தெருவில் புல் வெட்டினான், குளிர்காலத்தில் வாசல் பனியை அள்ளினான், கோடையில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தான். கையெல்லாம் கரியோடு வருவான். அந்தப் பணம்தான் அவன் பங்கு, மீதியை அப்பா அம்மா போட்டார்கள். என் மகனும் அதே வயது, அதே பள்ளிக்கூடம். அவன் சேர்த்த காசு எங்கே போனது என்று நான் சொல்லப் போவதில்லை.

கட்டுரையில் போகிற போக்கில் பலதார மணத்தையும் தொட்டிருந்தீர்கள். அதைச் சபை 1890-லேயே நிறுத்திவிட்டதாக அறிவித்துவிட்டது. இன்று யாராவது இரண்டாவது மனைவியைக் கட்டினால் சபையை விட்டே நீக்குவார்கள். சரி, அது பழைய கதை.

ஆண்கள் 18 வயதில் கிளம்பலாம். முன்பு 19 ஆக இருந்ததை 2012 அக்டோபரில் குறைத்தார்கள். பெண்களுக்கு 21 ஆக இருந்ததை அப்போது 19 ஆக்கினார்கள் (2025 நவம்பரில் அதையும் 18 ஆக்கிவிட்டார்கள்), 2012-க்கு அப்புறம்தான் பெண்கள் பெரிய அளவில் கிளம்பத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பணிக்காலம் ஒன்றரை வருடம். பெண்களுக்கு இது விருப்பம், ஆண்களுக்குக் கடமை. சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் இந்த ஊரில் 18 வயதுப் பையன் ஒருவன் போகவில்லை என்றால், ஏன் போகவில்லை என்று தெருவே யோசிக்கும்.

எந்த நாட்டுக்குப் போவது என்பது அவன் கையில் இல்லை. விண்ணப்பம், பிஷப்பின் நேர்காணல் (பிஷப் என்றால் உள்ளூர்ச் சபைக்குத் தலைவர், இவரும் சம்பளம் வாங்காதவர்தான், எங்கள் தெருவில் பல் மருத்துவராக இருக்கிறார்), உடல் பரிசோதனை எல்லாம் முடிந்து, சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வரும். முன்பு தபாலில் பெரிய உறையாக வந்தது, இப்போது இணையத்தில் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு உத்தரவு வந்த அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் உலக வரைபடம் ஒன்றை ஒட்டி, எந்த நாடு வரும் என்று ஆளாளுக்கு ஒரு ஊசி குத்தச் சொன்னார்கள். பையனின் பாட்டி பிரேசிலில் குத்தினார், என் மனைவி ஜப்பானில். பையன் மடிக்கணினியைத் திறந்து சத்தமாகப் படித்தான். பிலிப்பைன்ஸ், ககயான் தே ஓரோ, செபுவானோ மொழி. ஒரு நிமிடம் எல்லாரும் கத்தினார்கள். அப்புறம் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் வரைபடத்தில் தேடினார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஞானப்பற்களையும் எடுத்துவிட்டார்கள், அங்கே போய் வலி வந்தால் அலைய வேண்டாம் என்று. வீங்கிய கன்னத்தோடு ஒரு வாரம் ஐஸ்கிரீம் மட்டும் தின்றுகொண்டு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். இந்த ஆள் போய் உலகத்தை மாற்றப் போகிறானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

பக்கத்து ஊரான புரோவோவில் அவர்களுடைய பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் சொல்லித்தருகிறார்கள். ஆறேழு வாரத்தில் ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

அவன் வாராவாரம் எழுதும் மின்னஞ்சல் உறவினர்கள், நண்பர்கள் என்று ஒரு பட்டியலுக்குப் போகிறது. அதில் எங்கள் பெயரும் உண்டு. அந்தக் கடிதங்களில் மதம் கால்வாசி, மழை முக்கால்வாசி. காலை 6.30-க்கு எழுந்திருக்க வேண்டும், இரவு 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். நடுவில் உடற்பயிற்சி, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு, பிறகு நாள் முழுக்க வெளியே. குளியல் வாளித் தண்ணீரில், துணி துவைப்பது கையால். ஜீப்னியில் (அந்த ஊர் ஷேர் வண்டி) இடம் கிடைக்காத அன்று நடை. அங்கே பல வீடுகளில் அழைப்பு மணி இல்லாததால் வெளியே நின்று 'ஆயோ' என்று குரல் கொடுக்க வேண்டுமாம், முதலில் பதில் சொல்வது நாய்தான் என்று எழுதியிருந்தான். வெள்ளைத்தோலைப் பார்த்ததும் தெருப் பிள்ளைகள் 'ஹே ஜோ' என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். உள்ளே போனால் முதலில் நீட்டுவது காபி. சபையில் காபி, டீ, மது, புகையிலை நான்கும் கூடாது. வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்த வீட்டுக்காரரின் முகம் வாடிவிடும் என்பதால், காபி கலக்கும் சத்தம் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் வந்துவிட்டதாம்.

தனியாக எங்கேயும் போக முடியாது. எப்போதும் இரண்டு பேர், ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் விலகக் கூடாது. கூட இருப்பவரையும் அவன் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும், ஆள் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் இருக்கலாம். இவனுக்கு முதலில் அமைந்தவன் இலோய்லோ பக்கத்துப் பிலிப்பினோ பையன். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று விரலை விட்டு அளக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அடுத்து வந்தவன் அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்துக்காரன், இரண்டு பேருக்கும் ஒத்தே போகவில்லை. என்ன சண்டை என்று கடிதத்தில் இல்லை, ஆனால் அந்த ஆறு வாரமும் கடிதம் நான்கு வரியில் முடிந்துவிட்டது. கல்லூரி விடுதியில் அறைத்தோழனைப் பிடிக்காவிட்டால் வெளியே போய் உலாத்திவிட்டு வரலாம். இவன் உலாத்தப் போனால் அந்த ஆளும் கூடவே வருவான்.

வீட்டோடு பேசுவதற்கும் விதி உண்டு. 2019 பிப்ரவரி வரை வருடத்தில் இரண்டு முறைதான் தொலைபேசி, கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். அந்தக் காலத்தில் மூத்த மகனை அனுப்பிய கதையைப் பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், பேசுவதற்குக் கிடைத்த நேரத்தில் பாதி அழுகையிலேயே போய்விடுமாம். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். அவர்களுக்குத் திங்கள் காலை என்றால் இங்கே ஞாயிறு சாயங்காலம். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால், பையன் பேசுகிறான் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது ஆள் பிடிப்பது. 70,000-க்கு மேற்பட்ட மிஷனரிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 1961-லிருந்து வேலை செய்கிறார்கள், இன்று அங்கே எட்டு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் என்று சபை கணக்குச் சொல்கிறது. ஆனால் பையனின் நாள், பெரும்பாலும், வேண்டாம் என்று கேட்பதில் கழிகிறது. பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் கத்தோலிக்கர்களாக இருக்கிற நாடு. நாளை வா என்பார்கள், போனால் வீடு பூட்டியிருக்கும். சேர விரும்புகிறவர்களையும் சும்மா சேர்த்துக்கொள்வதில்லை. சிகரெட்டை விட வேண்டும், குடியை விட வேண்டும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கச் சம்மதிக்க வேண்டும்.

ஒரு கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு கணவன் மனைவி, நான்கு பிள்ளைகள். ஞாயிறு தவறாமல் வருகிறார்கள், எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலி போடுகிறார்கள். ஞானஸ்நானம் கேட்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த அம்மாவுக்குச் சின்ன வயதில் ஒரு கல்யாணம் ஆகி, அந்த ஆள் வேறு தீவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டமே கிடையாது. முதல் திருமணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கலாம், அதற்கு ஆகும் வக்கீல் செலவை மீன் விற்கும் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாது. சபையோ, சட்டப்படி மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஞானஸ்நானம் தராது. இதை அந்தத் தம்பதியிடம் சொல்ல வேண்டியவன் யார்? ஐஸ்கிரீம் தின்றுகொண்டு என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த இந்தப் பையன். அவன் சொன்னானாம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாராம். சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தான்.

உங்கள் கட்டுரையாளர் கோபப்பட வேண்டிய இடம் இது. இன்னொருவர் வீட்டுக்குள் போய், நீங்கள் கும்பிடுவது போதாது என்று சொல்வது எனக்கும் பிடிக்காத காரியம், அதை எந்த மதத்துக்காரர் செய்தாலும். இவர்கள் எங்கள் கதவையும் தட்டியிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன், சரி என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த சோபாவை உள்ளே தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பண்பை மெச்சுகிறேன். ஆனால் ஒரு குடும்பத்தின் இருபது வருடச் சிக்கலுக்கு நடுவில் 18 வயதுப் பையனை உட்கார வைத்து, விதியை நீயே சொல் என்பது என்ன நியாயம்?

காசைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு, சம்பளம் பற்றி அல்ல. 2023 பிப்ரவரியில், பங்கு முதலீடுகளை வெளியே தெரியாதபடி தனித்தனி நிறுவனங்களின் பெயரில் கணக்குக் காட்டியதற்காக, அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் இந்தச் சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பல்லாயிரம் கோடி டாலர் முதலீடு வைத்திருக்கிற இடம், டயர் கடையில் சம்பாதித்த பையனிடம் மாதம் 500 டாலர் ஏன் வாங்க வேண்டும்? இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டேன். தியாகம் இல்லாமல் கொடுத்தால் மதிப்பு இருக்காது என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை, அவருக்குப் போதுகிறது.

அப்புறம், திரும்பி வந்துவிடுகிறவர்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு பையன் சில மாதங்களிலேயே வந்துவிட்டான், மனச்சோர்வு என்றார்கள். முழுக்காலம் முடித்து வருகிறவர்களுக்கு விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக ஒரு கூட்டமே நிற்கும். இவனை அவன் அம்மா மட்டும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். உடல்நிலை, மனநிலை காரணமாக வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே தொண்டு செய்யும் ஏற்பாடு சபையில் இப்போது உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனாலும் தெருவில் யாரும் அவனிடம் பிலிப்பைன்ஸ் பையனைப் பற்றி விசாரிப்பது மாதிரி விசாரிப்பதில்லை. மோசமாக யாரும் பேசவில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். என் மகன் மட்டும் வாரக் கடைசியில் போய் அவனோடு பாஸ்கெட்பால் ஆடிவிட்டு வருகிறான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. சம்பளம் என்று எழுதியதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். இன்னொரு கட்டுரை எழுதுவதாக இருந்தால், சபையின் செய்தித் தொடர்பாளரை விட்டுவிட்டு அந்தப் பையன்களையே பாருங்கள். பெரும்பாலும் திங்கட்கிழமைதான் அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள், கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று கேட்டால் மனப்பாடமாக ஒரு பதில் வரும். கூட இருப்பவனோடு எப்படிப் போகிறது என்று தனித்தனியாகக் கேட்கப் பாருங்கள். அந்த மற்றவனும் பக்கத்திலேயேதான் நிற்பான், அதனால் அது கொஞ்சம் கஷ்டம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓரெம், யூட்டா