ராஜி என்றால் எங்களுக்குச் சமாதானம்: கேரளத் தொழிலாளர் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். இடுக்கி மாவட்டத் தேவிகுளம் தாலுகாவில் தேயிலைத் தோட்ட வேலை எந்த மொழியில் நடக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து எடுப்பதும் எடை போடுவதும் திட்டு வாங்குவதும் தமிழில்தான். வேலையை விட்டு நிறுத்தும்போது மட்டும் காகிதம் மலையாளத்தில் வருகிறது.

போன மாதம் ஒரு எஸ்டேட்டில் 22 வருடம் கொழுந்து எடுத்த ஓர் அம்மாவிடம் எழுதி வாங்கிய தாளின் நகல் எங்கள் கைக்கு வந்தது. வெள்ளைத் தாளில் ஐந்து வரி மலையாளம். நான்காவது வரியில் ‘ஸ்வமேதயா’ என்றொரு சொல். சொந்த விருப்பத்தின் பேரில் என்று பொருள். அடியில் தமிழில் கையெழுத்து. தேதி மட்டும் வேறு மையில். ஆபீசில் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “ராஜிக்கு ஒரு ஒப்பு போடுங்க.” எங்கள் பேச்சில் ராஜி என்றால் சண்டை தீர்ந்து சமாதானமாகப் போவது. ஒப்பு என்றால் சம்மதம். மலையாளத்தில் ராஜி என்றால் ராஜினாமா, ஒப்பு என்றால் கையெழுத்து. சூப்பர்வைசரோடு இருந்த தகராறு முடிந்தது என்று நினைத்துப் போட்ட கையெழுத்து, மலையாளத்தில் அவரே வேலையை ராஜினாமா செய்த கையெழுத்தாகிவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் போனவரிடம் வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் இல்லை என்றார்கள்.

இதில் யாருக்கு என்ன லாபம் என்பது உங்கள் அலுவலர்களுக்குத் தெரியும். தவறு செய்தார் என்று நீக்குவதானால் குற்றச்சாட்டுக் கடிதம் தர வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், அதுவரை சஸ்பெண்ட் செய்து வைத்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளமும் அதற்குமேல், தாமதம் தொழிலாளியால் இல்லை என்றால், முக்கால் சம்பளமும் தர வேண்டும். ஆள் குறைப்பு என்றால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 22 வருடத்துக்கு 330 நாள் சம்பளம் வருகிறது. ராஜினாமா என்று ஒரு தாள் இருந்தால் இதில் எதுவும் தர வேண்டாம், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை மட்டும் தந்தால் போதும். வேலை போனால் எஸ்டேட் தந்த லயத்து வீடும் போகும் என்பதால், எதற்குக் கையெழுத்து என்று கேட்கவும் யாருக்கும் துணிச்சல் வருவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒருவரின் வேலையைப் பறிக்கும் எந்தக் காகிதமும் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ்ப் பிரதி இல்லாத ராஜிக் கடிதத்தை, தானாகக் கொடுத்த ராஜினாமா என்று உங்கள் அலுவலர்கள் ஏற்கக் கூடாது.

புதிதாக எதையும் கேட்கவில்லை. தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் நிலையாணைகள் என்ற வேலை விதிகளை வாசலருகே பலகையில் வைக்க வேண்டும் என்று 1946-ஆம் வருடத்துச் சட்டமே சொன்னது. 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், துறைத் தலைவர்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்றது. நீங்கள் துறைத் தலைவர். இந்த மடலுக்கான பதிலை அந்த மொழியிலேயே எதிர்பார்க்கிறோம்.

மொழி ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நாள் ஓடுகிறது. 1947-ஆம் வருடத்துப் பழைய தொழில் தகராறு சட்டத்தில், நீக்கப்பட்ட தொழிலாளி சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாளில் முடிவு வரவில்லை என்றால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். நீக்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை நேரம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது என்கிறது மத்திய அரசு. இங்கே அமல்படுத்த மாட்டோம் என்று 2025-இல் சொன்னது மாநில அரசு. புதியதில் இரண்டு வருடம் தாண்டினால் சமரசப் பேச்சே கிடையாது. சமரசம் தோற்றது என்ற அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இரண்டு அரசும் எப்போது வேண்டுமானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், நாங்கள் எல்லோரிடமும் குறைந்த கணக்கையே எண்ணச் சொல்கிறோம். ஆனால் அந்த அறிக்கையைப் படிக்கத் தெரியாதவருக்கு 90 நாள் எப்போது தொடங்கியது என்று எப்படித் தெரியும்? டிரங்குப் பெட்டியில் கரண்ட் பில்லோடு மடித்து வைத்திருப்பார்.

ஏமாற்றி வாங்கிய ராஜினாமாவும் சட்டத்தின் கண்ணில் நீக்கம்தான். ஆனால் அதை உடனே மறுக்க வேண்டும். “விவரம் புரியாமல் கையெழுத்திட்டேன், ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயார்” என்று அந்த வாரமே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் எஸ்டேட்டுக்கும், நகல் உங்கள் அலுவலகத்துக்கும் போக வேண்டும். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டால் அந்த மௌனத்தையே சம்மதம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். கணக்கில் பணம் போட்டுவிட்டால், ஆட்சேபத்தோடுதான் வாங்கினேன் என்று எழுதிவிட வேண்டும். ஆள் குறைப்பு இழப்பீடு கேட்க, வருடத்தில் 240 நாள் வேலை செய்ததைக் காட்டும் பொறுப்பு தொழிலாளி மேல். செக்ரோல் இருப்பதோ எஸ்டேட் அலமாரியில். சம்பளச் சீட்டும் பி.எஃப். பாஸ்புக்கும்தான் கைவசம் உள்ள சாட்சி. நீக்கிய பிறகு வேறு வேலை இல்லை என்ற வரி மனுவில் விடுபட்டால், மறுபடி வேலை கிடைத்தாலும் பழைய சம்பளப் பாக்கி கைநழுவலாம். இந்த நான்கைந்து வரியும் அச்சிட்ட ஒரு தமிழ்ப் படிவம் உங்கள் அலுவலகங்களில் இருந்தால் பாதி வழக்கு கெடாது. தொழிலாளிக்கும், பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் அதிலேயே போடலாம்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி நோட்டீசும் நல்ல தமிழில் லயத்து வாசல் வரை வருகிறது. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போராடிய தோட்டப் பெண்கள் தமிழில் போட்ட கோஷம் திருவனந்தபுரத்துக்கு நன்றாகவே புரிந்தது. ஓட்டுக்கும் கோஷத்துக்கும் புரிகிற தமிழ், ஒரு நோட்டீசுக்கு மட்டும் எங்கே போய்விடுகிறது? மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம்.

வேலையைப் பறிக்கும் காகிதம் எதுவானாலும் தமிழிலும் தரப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் நாங்கள் கூலி கேட்காமல் செய்து தருகிறோம்.

அந்த அம்மாவுக்குச் சமரசப் பேச்சுக்கான நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு பக்கம், முழுக்க மலையாளம். அதன் தமிழ்ப் பிரதியை, பேச்சு நடக்கும் நாளுக்கு முன்பே அனுப்பிவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுகாவில் தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தருவோர்